ஆடியில் பதிவான ஆல்பம்

எங்கள் பாடகருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த வாரத்தில்தான் நேரடி ஆல்பம் ஒன்று கொண்டுவருவது என்று முடிவானது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கட்டியை எடுத்த பிறகு குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று குரோம்பேட்டையில் அவரைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லிவிட்டார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிவு செய்ய எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே அபூர்வம். ஆட்களைக் கூட்டி, மேடையேறி, இருக்கிற பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது. உலகத்துப் பெரிய இசைக்குழுக்கள் வேறு காரணங்களுக்காக நேரடி ஆல்பம் போட்டிருக்கலாம். எங்கள் காரணம் இது.

நான் சேலையூரில் பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சின்ன வயதில் சர்ச்சில் இளைஞர் பாடகர் குழுவுக்கு வாசித்துப் பழகியது. பாடகர் முதலில் என்னிடம் வந்தது கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள. அவர் போட்டிருந்த கருப்பு டீ ஷர்ட்டைப் பார்த்து, நானும் இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேட்பேன், பேஸ் வாசிப்பேன், உங்கள் குழுவில் ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள் என்றேன். வாய் திறந்தபடி இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறே போய்விட்டேன்.

பாடகர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்களுக்குப் பொறுப்பாளர். அவர் மனைவி நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறார். கோப்புகளை உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. கொலை வழக்கையும் வாடகை வழக்கையும் ஒரே குரலில் படிப்பார். மருத்துவரிடம் நாங்கள் மூவரும்தான் போனோம். பல் மருத்துவரானாலும் மருத்துவர்தானே என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

"சிகரெட் உண்டா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல சார்."

"கத்திப் பேசுவீங்களா?"

பாடகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹார்ட் ராக் பாடறேன் சார்."

"எவ்வளவு நேரம்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

மருத்துவர் பேனாவை மூடினார். "மத்த நாள்ல?"

மனைவி பதில் சொன்னார். "பஸ் டிரைவர்களைத் திட்டுவார். விடியறதுக்கு முன்னாடி போன்ல ஆரம்பிப்பார். பக்கத்து வீட்டுல அலாரமே வைக்கிறதில்ல."

"அப்ப அதுதான் காரணம். பாட்டு இல்ல."

வெளியே வந்ததும் பாடகர் தலையைக் குனிந்தபடியே நடந்தார். கட்டியைப் பற்றிய கவலை என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகு, "இத்தனை வருஷம் பாடியிருக்கேன், பாட்டுல வரலையாம். டிரிப் ஷீட்டுல வந்துச்சாம்," என்றார். அதுதான் அவருக்கு மனசு ஆறவில்லை.

குழுவில் மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். கிட்டார் வாசிப்பவர் பெரும்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், எங்களில் இளையவர். மென்பொருள் நிறுவனத்தில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. அதை வீட்டிலும் செய்வார். டிரம்ஸ் வாசிப்பவர் படப்பைக்காரர். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி அவர்கள் குடும்பத்து வயல் இருந்தது. இப்போது சிமெண்ட், கம்பிக் கடையும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன. எங்கள் பாட்டுகளில் நீளமானது ஏரி ஒன்று மனைகளாக மாறியதைப் பற்றியது. அதை எழுதியவர் அவர். உங்கள் குடும்பமும் அங்கே நிலம் விற்றதே என்று கேட்டால், "நாங்க வித்தது ஏரி இல்லக்கா, ஏரியாண்ட இருந்த எடம்," என்பார்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. அறுவை சிகிச்சைக்கும் ஆவணிக்கு முன் நாள் குறித்திருந்தார்கள். டிரம்ஸ்காரரின் அம்மாதான் மண்டபத்தின் சாவி வைத்திருப்பவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாமி பாட்டா?" மகன், "சொந்தப் பாட்டும்மா," என்றார். அம்மா யோசித்துவிட்டு சாவியைக் கொடுத்தார்.

ஆடியில் மண்டபம் சும்மா இருக்கும், கோயில் சும்மா இருக்காது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். பதிவு நாளன்று மதியம் மைக்குகளை வைத்துச் சோதித்தபோது, டிரம்ஸுக்கு வைத்த மைக்கில் உச்சக் குரலில் ஒரு அம்மன் பாட்டு தெளிவாகக் கேட்டது. தெரு முனையில் கூழ் ஊற்றுகிறார்கள்; கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். கிட்டார்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை எந்த சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது," என்றார்.

டிரம்ஸ்காரர் கோயில் கமிட்டியிடம் பேசப் போனார். போனவர் திரும்பி வந்தபோது முகத்தில் குழப்பம்.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றேன்.

"ஒத்துக்கினாங்கக்கா. சாயங்காலம் வரைக்கும் ஸ்பீக்கரை ஆப் பண்றாங்களாம். ஆனா பாட்டு இல்லாம அங்க இன்னா பண்றதுன்னு கேக்கறாங்க. அல்லாரும் இங்க வந்துகினு கீறாங்க."

வந்தார்கள். எங்கள் கணக்கில் வரவேண்டியவர்கள் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சிலர், கிட்டார்காரரின் அலுவலக நண்பர்கள், டிரம்ஸ்காரரின் உறவு, பாடகரின் மனைவி. டிரைவர்களைக் கூப்பிடவில்லை, மறுநாள் வேலையில் மரியாதை இருக்காது என்று பாடகர் சொல்லிவிட்டார். பின்வரிசை நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்கும், கைதட்டல் மெலிதாகப் பதிவாகும் என்றுதான் பயந்துகொண்டிருந்தோம். கமிட்டி உள்ளே வந்ததும் மண்டபம் நிறைந்தது. கூழ்ப் பானையும் கூடவே வந்தது. பந்தி நடக்கும் கூடத்தில் அதை வைத்து டிரம்ஸ்காரரின் அம்மா ஊற்றத் தொடங்கினார். பின்னால் போய்க் குடித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் பாட்டை ஆரம்பித்ததும் முதல் வரிசைப் பெண்கள் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள். ஆனால் எழுந்து போகவில்லை. நான் வாசித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் ஒரு கையை எடுத்தார்கள். கொசுவைப் பற்றிய பாட்டில் இரண்டு கையையும் எடுத்தார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "அத்த இன்னொருக்கா பாடு சார்!" என்று கத்தியது ஆல்பத்தில் இருக்கிறது. மின்விசிறிகளின் சத்தமும் இருக்கிறது. வெக்கையில் அவற்றை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பாடகர் நன்றாகப் பாடினார். இதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சியின்போது பாதிப் பாட்டில் நிறுத்தி வெந்நீர் குடிக்கிறவர், அன்று ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தொண்டையை மிச்சம் வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்கலாம். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மனைவி இருக்கும் பக்கம் பார்த்தார். அவர் கைப்பையை மடியில் வைத்து, வழக்கு வாய்தாவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பாட்டு ஏரிப் பாட்டு. அதன் முடிவில் 'ஏரி' என்ற சொல்லின் முதல் எழுத்தை மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நாங்கள் மூவரும் வாசிப்பதை விட்டுவிடுவோம். அவர் குரல் மட்டும் நிற்கும். அன்றும் விட்டோம். அவர் மேலே போனார். போன இடத்தில் குரல் உடைந்தது. முதலில் இரண்டாகப் பிளந்தது, பிறகு துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு வெறும் காற்று. அவர் மைக்கை விடவில்லை. காற்றாகவே அந்தச் சொல்லை முடித்தார். மிச்சமிருந்த இரண்டு வரிகளையும் அந்தக் காற்றிலேயே பாடினார். மின்விசிறிகள் அவரைவிடச் சத்தமாக இருந்தன.

மண்டபம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. அன்றைக்கு மொத்தம் கிடைத்த கைதட்டலில் பெரியது அதற்குத்தான். பாட்டே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசில ஒரு கத்து கத்துனீங்களே சார், அம்மன் எறங்குன மாரி இருந்துச்சு. எங்க கத்துக்கினீங்க?"

பாடகரால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலைவர் போனார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். ஆனால் மறுபடி சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று உத்தரவு. பஸ்கள் அந்த நாட்களிலும் நேரத்துக்கு ஓடின. இதுவும் அவருக்கு வருத்தம்.

இதற்கிடையில் கிட்டார்காரர் பெரும்பாக்கத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைச் சீர்செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்ததால் வேண்டியதை வெட்டலாம், ஒட்டலாம். சீர்செய்து முடித்து எங்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பினார். கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கேட்டேன். நன்றாக இருந்தது. மூன்றாவது பாட்டில் நான் தடுமாறிய இடம் தடுமாறாமல் இருந்தது. டிரம்ஸ் முன்னெப்போதையும்விட ஒழுங்காக இருந்தது. ஏரிப் பாட்டின் முடிவில் குரல் மேலே போய், அசையாமல் நின்று, அழகாக இறங்கியது. பழைய பயிற்சிப் பதிவு ஒன்றிலிருந்து அந்த இடத்தை எடுத்து ஒட்டியிருந்தார். கைதட்டல் மட்டும் அன்றைய கைதட்டல்.

டிரம்ஸ்காரர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று போட்டார். பாடகரிடமிருந்து ஒரே வரி வந்தது: 'எல்லாரும் வீட்டுக்கு வாங்க.'

முடிச்சூரில் அவர் வீட்டுக்குச் சனிக்கிழமை மாலை போனோம். பாடகர் சோபாவில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கையில் போன். நாங்கள் உட்கார்ந்ததும் இரண்டு கட்டைவிரலாலும் வேகமாகத் தட்டினார், போனை மனைவியிடம் நீட்டினார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'உன்னை யாருடா மாத்தச் சொன்னது'ன்னு கேக்கறார். மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்கார். காபியா, டீயா?"

"டீக்கா," என்றார் கிட்டார்காரர். பிறகு பாடகரைப் பார்த்து, "அண்ணா, எல்லா பேண்டும் பண்றதுதான். லைவ்னு போட்டு விக்கிறதுல பாதி பின்னாடி ஸ்டுடியோவுல சேத்தது. நான் உங்க குரலைத்தானே போட்டேன்? வேற யாரு குரலையுமா போட்டேன்?" என்றார்.

பாடகர் தட்டினார். மனைவி படித்தார்.

"'அன்னிக்கு நடந்ததுதான் லைவ். நடக்காததைப் போட்டா அதுக்குப் பேரு வேற.' அடுத்து ஒரு கெட்ட வார்த்தை இருக்கு. அதை விட்டுடறேன். அதுக்கப்புறம் 'தம்பி'ன்னு போட்டிருக்கார்."

"ஒரு நிமிஷம்ணா," என்றார் டிரம்ஸ்காரர். "எனுக்கு இன்னா தோணுதுன்னா, நல்லாத்தான கீது? என் டிரம்ஸ் எல்லாம் சூப்பராக் கீது."

பாடகர் அவரைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் தட்டினார். மனைவி போனைப் பார்த்தார், டிரம்ஸ்காரரைப் பார்த்தார். "இதையும் விட்டுடறேன்," என்றார்.

கிட்டார்காரருக்குக் குரல் உயர்ந்தது. எதிரில் இருப்பவரால் பேச முடியாது என்பதாலோ என்னவோ, அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினார். "அண்ணா, உங்களுக்குப் புரியல. நாளைக்குக் குரல் எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. இதுதான் கடைசியா இருந்தா? காலம் பூரா ஜனங்க கேக்கப்போறது அந்த ஒடைஞ்ச சத்தத்தையா? நான் காலேஜ் படிக்கும்போது உங்க பாட்டைக் கேட்டுட்டுத்தான் கிட்டாரே எடுத்தேன். அந்தக் குரலை விட்டுட்டு நான் இதை எப்படி வெளிய விடுவேன்?"

பாடகரின் கட்டைவிரல்கள் போன்மேல் நின்றன. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே குரலில் சொன்னார்:

"அந்த எடத்துலதான் நான் அழுதேன். இருபது வருஷமா இவர் பாடறதைக் கேக்கறேன், எனக்கு ஒண்ணும் புரிஞ்சதில்ல. அன்னிக்குப் புரிஞ்சுது. அதை எடுத்துட்டா அன்னிக்கு நான் அங்க எதுக்கு உக்காந்திருந்தேன்?"

கிட்டார்காரர் கண்ணைச் சுருக்கினார். "இது... அண்ணா டைப் பண்ணதா?"

"இல்ல," என்றார் அவர். "இது நான். அவர் இன்னும் அழிச்சுட்டேதான் இருக்கார்."

பாடகர் போனைக் கவிழ்த்து வைத்தார். மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பாட்டைப் பற்றி அந்த அம்மா சொன்ன முதல் விமர்சனம் அது என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அன்று குரல் இல்லை. துண்டின் ஒரு முனையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். மனைவி எழுந்து டீ போடப் போனார்.

கிட்டார்காரர் வாதாடவில்லை. "சரி," என்றார். "ஆனா ஒண்ணை மட்டும் திருப்பி வச்சா நல்லா இருக்காது. எல்லாத்தையும் வச்சுடறேன்." அப்படியே செய்தார். என் தடுமாற்றமும் டிரம்ஸ் தாளத்தை மீறி ஓடியதும் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தன. அன்று திரும்பும் வழியெல்லாம் டிரம்ஸ்காரர் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினோம். 'படப்பையில் நேரடியாக' என்று பெயர். மண்டபத்தின் பெயரைப் போடவில்லையே என்று டிரம்ஸ்காரரின் அம்மா கேட்டார். முன்பதிவுக்கு உதவியாக இருக்கும் என்று அவருக்கு எண்ணம். அட்டைப்படத்தின் ஓரத்தில் மண்டபத்துப் பலகை பாதி தெரிகிற மாதிரி வைத்தோம். உலகம் கவனித்தது என்று சொல்ல முடியாது. யாரோ முன்பின் தெரியாதவர், மின்விசிறிச் சத்தம் வேண்டுமென்றே சேர்த்ததா என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று கிட்டார்காரர் பதில் போட்டார்.

கேட்டவர்களில் அதிகம் பேர் பாடகர் கூப்பிட வேண்டாம் என்று சொன்ன டிரைவர்கள்தான். எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏதோ சரிபார்க்க ஏறிய பாடகர், வண்டியின் ஸ்பீக்கரில் தன் குரலையே கேட்டிருக்கிறார். பின்னால் தொழிற்சாலை ஆட்கள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். அவரைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்தப் போனார். பிறகு நிறுத்தாமலே கேட்டாராம்: "சார், கடைசிப் பாட்டுல ஒரு எடத்துல கத்துறீங்களே, அது நான் தாம்பரத்துல வண்டியை லேட்டா எடுத்தப்ப நீங்க கத்துன மாரியே கீது. அதான் இதுவா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நேரத்துக்கு வண்டியை எடுன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். டாக்டர் சொல்லியிருக்காரே."

மருத்துவர் பேச அனுமதித்த பிறகு பாடவும் அனுமதித்தார், கொஞ்சம் கொஞ்சமாக. குரல் வந்திருந்தது. பழைய குரல் இல்லை. அடியில் கனமாகவும், மேலே போகப் போக மெலிந்தும் இருந்தது. சிமெண்ட் தூசி ஆகாது என்பதால் அதுவரை நாங்கள் கூடிய டிரம்ஸ்காரரின் கடைக் கிடங்கை விட்டுப் பயிற்சியை மண்டபத்தின் பந்திக் கூடத்துக்கு மாற்றினோம்.

மறுபடி சந்திப்பதற்கு முதல்நாள் கிட்டார்காரர் எனக்கு போன் செய்தார்.

"அக்கா, பேஸ்ல தடிமனான கம்பியா மாத்திடுங்க. எல்லாத்தையும் ஒரு கட்டை எறக்கிடலாம்."

ஒரு கட்டை இறக்கினால் எல்லாப் பாட்டும் அந்த அளவு தாழ்ந்துவிடும். பாடகர் எட்டவேண்டிய உயரமும் குறையும். "அண்ணாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"இல்லக்கா."

"சொல்லுவியா?"

"வேணாம்," என்றார்.

பாடகர் வந்தார். ஃபிளாஸ்க்கைப் பந்தி மேஜைமேல் வைத்தார். என்ன பாடலாம் என்று நாங்கள் கேட்பதற்குள், ஏரிப் பாட்டு என்றார். எளிதான பாட்டுகள் நிறைய இருந்தன. ஆனாலும் அதையே ஆரம்பித்தோம். முடிவு வந்ததும் மூவரும் வாசிப்பதை நிறுத்தினோம். அவர் மேலே போனார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் போய்ச் சேர்ந்தது, நின்றது.

பாடி முடித்துவிட்டு அவர் மைக்கைப் பிடித்தபடியே கிட்டார்காரரைத் திரும்பிப் பார்த்தார். தன் பாட்டைத் தானே இத்தனை காலம் பாடியவருக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்காது.

"சுருதி எறங்கியிருக்கா?" என்றார்.

கிட்டார்காரர் தலை நிமிராமல் ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "புதுக் கம்பிண்ணா. இன்னும் செட் ஆகல. கொஞ்சம் லூஸா இருக்கு."

பாடகர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகி மூடினார்.

"அப்படியே இருக்கட்டும்," என்றார். "முதல்லேர்ந்து எடு."